கோளாறுப் பட்டும் இரவல் காரும்

வாழ்நாளில் நான் பணக்காரனாக இருந்தது மொத்தம் நாற்பது நிமிடம். ஆவணி இரண்டாம் ஞாயிறு, காலை பத்தேகாலுக்குத் தொடங்கி பத்து ஐம்பத்தைந்துக்கு முடிந்தது. (நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு நேரம்தான் முக்கியம். மானம் அப்புறம்.)

அது நான் பெண் பார்க்கப் போன நாள். தென்னேரியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். எனக்கு வாலாஜாபாத் உரக்கடையில் வேலை. பெண் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், நெசவுக் குடும்பம். தரகர் சொன்ன ஒரு வரி எங்கள் தூக்கத்தைக் கெடுத்திருந்தது: "அந்த வூட்ல அடுப்பாண்ட கூட பட்டுதான் கட்டிக்கினு இருப்பாங்க."

அவ்வளவு பெரிய இடத்துக்குப் பஸ்ஸிலா போவது? மாமா தன் நண்பரிடம் ஒரு வெள்ளைக் காரை இரவல் வாங்கி வந்து, அவரே ஓட்டினார்.

தரகர் பொய் சொல்லவில்லை. கேசரி கொண்டுவந்த பெண்ணின் அம்மா அரக்குப் பட்டில். உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சித்தியும் பட்டில். மயில்கழுத்துப் பட்டில் வந்த பெண், வசந்தி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று, கூடவே புத்தியும் போயிற்று.

"இந்தக் கார் சும்மா டவுனுக்குத்தாங்க," என்றேன். "பெருசு ஒண்ணு வீட்ல நிக்குது."

மாமாவுக்குக் கேசரி தொண்டையில் சிக்கியது. வசந்தியின் அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. ரெண்டு கார் வச்சிருக்கிற இடத்துக்கு எங்களால செய்ய முடியாது. கேசரிய சாப்ட்டுட்டுப் போங்க."

"நீங்களே தினமும் பட்டு கட்டுறீங்களேங்க!"

அம்மா சிரித்தேவிட்டார். முந்தானையை என் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"இங்க பாருப்பா. கரை சேர்ற எடத்துல இழை பிசகிக்கினு போச்சு. கடைக்காரர் எடுக்கல, கூலியும் கெடைக்கல. காட்டன் புடவைன்னா காசு குடுத்து வாங்கணும். இது சும்மா கெடக்குது, கட்டிக்கிறோம்."

ஊர் நூலகத்தில் பாதியைப் படித்து முடித்தவன் நான். கண்ணெதிரே இருந்த ஒரு புடவையைப் படிக்கத் தெரியவில்லை.

வசந்தி எழுந்து உள்ளே போனாள். நானும் கேசரியை முடித்துவிட்டுக் கிளம்பினால், அவளை இனிப் பார்க்கப்போவதில்லை.

"கார் எங்களுது இல்லீங்க," என்றேன். "வீட்லயும் எதுவும் நிக்கல."

மாமா என் காலை மிதித்தார். வசந்தியின் அப்பா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சட்டை?"

"அண்ணனுதுங்க."

"வாட்சு?"

"பக்கத்து வூட்டுக்காரருது."

"வெளிய வுட்டிருக்கிற செருப்பு?"

"மாமாவுதுங்க."

அவர் மாமா பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க எதப் போட்டுக்கினு வந்தீங்க?"

"கார்லதானே வந்தோம்," என்றார் மாமா, பரிதாபமாக.

உள்ளேயிருந்து வசந்தியின் குரல் வந்தது: "யப்பா, மாப்ளயாவது அவங்க வூட்டுதான்னு கேட்டுக்கோங்க!"

வீடே சிரித்தது. பாத்திரம் தேய்த்த சித்தி ஈரக்கையோடு வாசற்படிக்கு வந்து நின்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"அப்ப நமக்கு ஏத்த எடந்தான்," என்றார் வசந்தியின் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் கேசரி வைம்மா."

தை மாதம் கல்யாணம். நடந்தே போய்த் தாலி கட்டினேன்.

இன்றும் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் வசந்தி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்:

"எங்க வூட்டுக்காரரு. இரவல்தான்னு நெனச்சேன். பன்னெண்டு வருசமாச்சு, யாரும் திருப்பிக் கேட்டு வரல. நானே வச்சிக்கினேன்."