உடும்பு போட்ட துண்டு

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. யானை, மான், முயல் எல்லாமும் இருந்தன. ஆனால் அந்த வருடம் பிளஸ் டூவில் அவற்றின் பிள்ளைகள் சுமாரான மதிப்பெண்தான் வாங்கியிருந்தன என்பதால், இது உடும்பின் கதை.

உடும்பின் பெயர் ஒண்டிமுத்து. அதற்குச் சட்டை கிடையாது, செருப்புக் கிடையாது. ஆனால் தோளில் எந்நேரமும் ஒரு துண்டு கிடக்கும். வியர்வை துடைப்பதற்கு அல்ல. சந்தைக்குப் போகும் காட்டுப் பேருந்து வந்து நின்றதும், ஜன்னல் வழியாக வீசி இடம் பிடிப்பதற்கு. கூட்டம் இல்லாத நாளிலும் வீசும். ஒருமுறை வண்டிக்குள் இரண்டு கொக்குகளைத் தவிர ஈ காக்கை இல்லை. அன்றைக்கும் ஒண்டிமுத்து துண்டைப் போட்டுவிட்டுத்தான் ஏறியது. கொக்குகள் சிரித்தன. "எதுக்கும் இருக்கட்டும்" என்றது ஒண்டிமுத்து.

அதன் மகள் செம்மலர் காட்டிலேயே இரண்டாவது மதிப்பெண். முதல் மதிப்பெண் வாங்கிய காக்கைக் குஞ்சை வலசை வந்த நாரைகள் கையோடு வெளிநாட்டுக்குக் கூட்டிப் போய்விட்டன. ஆகவே ஊர் கண் முழுக்கச் செம்மலர் மேல்தான்.

செம்மலருக்கு ஒரே ஆசை. புளியந்தோப்பில் இருக்கும் காட்டுப் பொதுப் பல்கலைக்கழகத்தில், எறும்புண்ணியான அழுங்குப் பேராசிரியரிடம் மண்ணியல் படிக்க வேண்டும். காரணம் இருந்தது. போன ஐப்பசி மழையில் அவர்கள் வளை இடிந்து விழுந்தது. ஒண்டிமுத்து, அதன் மனைவி மருதாயி, செம்மலர் மூன்றும் தப்பித்துக்கொண்டன. மருதாயி இட்டு வைத்திருந்த முட்டைகள் தப்பவில்லை. மருதாயி அந்த ஈரமண்ணை விடியும்வரை அள்ளி அள்ளிப் பார்த்ததைச் செம்மலரால் மறக்க முடியவில்லை. மழைக்கு இடியாத வளையை எப்படித் தோண்டுவது என்பது அந்தக் காட்டில் அழுங்குக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிப் பிள்ளை ஒரு முடிவோடு இருந்தால் வீட்டில் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும் அல்லவா? அதற்காகத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மருதாயிக்கு அண்ணன் முறையாகும் ஓணான் வந்து சேர்ந்தது.

"பொதுப் பல்கலைக்கழகமா? மழை பேஞ்சா கூரை ஒழுகும் மச்சான். ஆஸ்டல் சாம்பார்ல பருப்பத் தேடிப் போன தவளை இன்னும் வீடு திரும்பல."

"பாடம் நல்லா நடத்துவாங்களாமே?" என்றது ஒண்டிமுத்து.

"பாடம் யாருக்கு வேணும்? நாளைக்குப் புள்ளைக்குக் கல்யாணம் காச்சின்னு வந்தா பத்திரிகையில காலேஜ் பேரு போடணுமில்ல? படிச்சதும் நாலு பேர் வாயப் பொளக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே தலையாட்டியது ஓணான். நாலு பேர் என்றதும் ஒண்டிமுத்து தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டது. அந்த நாலு பேர் யார் என்று அதற்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க அவர்களுக்குப் பயந்தே வாழ்ந்திருந்தது.

மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு கல்வித் தந்தை குள்ளநரியார் உலகத்தரக் கல்லூரியைப் பார்க்கக் கிளம்பியது. குள்ளநரி முன்பு ஆற்றங்கரையில் நண்டுக் கடை வைத்திருந்தது. ஆற்றில் நண்டு தீர்ந்ததும் கல்விச் சேவைக்கு வந்துவிட்டது. ஏசி பஸ் வளை வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டது. கல்லூரி வாசலில் தங்க நிறத்தில் பெரிய பெரிய தூண்கள் நின்றன. உள்ளே ஒரு நீரூற்று, அதன் நடுவில் நரியாரின் சிலை, சிலைக்கு மாலை.

"வேலைவாய்ப்பெல்லாம் எப்படிங்க?" என்று பணிவாகக் கேட்டது ஒண்டிமுத்து.

"போன வருஷம் சிறுத்தை நிறுவனம் வந்தாங்க. எங்க ஆட்டுக்குட்டிங்க அத்தனை பேரையும் ஒரே நாள்ல எடுத்துக்கிட்டாங்க. நூத்துக்கு நூறு!" என்றது நரி. "இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட வந்து ஒரு குறை சொன்னதில்லை."

"அந்த ஆடுகளைப் பார்க்கலாங்களா?" என்றது செம்மலர்.

"பாப்பா ரொம்பச் சூட்டிகை" என்று நரி சிரித்தது. பிறகு ஒண்டிமுத்துவின் பக்கம் திரும்பியது. "சீட்டெல்லாம் மடமடன்னு முடியுதுங்க. பொதுப் பல்கலைக்கழகத்துல கிடைக்கும்னு நம்பி இருந்து, அங்கயும் கிடைக்காம இங்கயும் போச்சுன்னா? எதுக்கும் ஒரு சீட்டப் புடிச்சு வச்சுக்கங்க. சின்னதா ஒரு அட்வான்ஸு, பாப்பாவோட ஒரிஜினலு. அவ்வளவுதான்."

ஒரிஜினல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டில் பள்ளி முடித்ததற்குக் காகிதச் சான்றிதழ் எல்லாம் கிடையாது. மயில் என்றால் முதலில் உதிர்ந்த இறகு, மான் என்றால் முதலில் விழுந்த கொம்பு, உடும்பு என்றால் முதலில் உரித்த தோல். அதில் பள்ளிக்கூடத்து யானை தன் காலால் ஒரு முத்திரை வைத்துக் கொடுக்கும். அதுதான் ஒரிஜினல். அது இல்லாமல் எந்தக் கல்லூரியும் வாசலில்கூட நிற்க விடாது.

"ஜெராக்ஸ் போதாதுங்களா?" என்றது ஒண்டிமுத்து.

"பச்சோந்தி கடை ஜெராக்ஸ்தானே? வெயில்ல வச்சா நிறம் மாறிருமுங்க."

செம்மலர் அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தது. "அப்பா, வேண்டாம். எனக்குப் புளியந்தோப்பு கிடைச்சுரும்."

"கிடைக்கும் அம்மிணி, யார் இல்லைன்னா? சும்மா ஒரு துண்டு போட்டு வைக்கிறோம். உக்காரவா போறோம்?"

நரியின் முதுகுக்குப் பின்னால் ஓர் அலமாரி நிறைய இறகும் கொம்பும் தோலும் அடுக்கியிருந்தன. அப்படித் துண்டு போட்டவர்கள் காட்டில் நிறையப் பேர் என்பது ஒண்டிமுத்துவுக்கு ஆறுதலாக இருந்தது. அட்வான்ஸையும் செம்மலரின் தோலையும் எடுத்து நீட்டிவிட்டது. அதுதான் அது செய்த தப்பு. கூட்டத்தோடு சேர்ந்து செய்தால் தப்பு பாதியாகிவிடும் என்று எந்தக் காட்டிலும் சட்டம் இல்லை.

பௌர்ணமி கழிந்து பொதுப் பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் நடந்தது. செம்மலருக்கு மண்ணியலே கிடைத்தது. மரங்கொத்தி புளியமரத்தில் பெயரைக் கொத்தியபோது மருதாயி அழுதது. நாளைச் சாயங்காலம் கவுன்ட்டர் சாத்துவதற்குள் ஒரிஜினலைக் கொண்டுவந்து சேர்ந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அறிவித்தார்கள்.

ஒண்டிமுத்து நரியிடம் ஓடியது. இந்த முறை ஏசி பஸ் வரவில்லை. நாலு காலாலும் ஓடியது.

"கேன்சல் பண்ணணுமா? தாராளமாப் பண்ணலாம்" என்றது நரி, முகத்தை நிமிர்த்தாமலே. "நாலு வருஷ ஃபீஸக் கட்டிட்டு ஒரிஜினல வாங்கிட்டுப் போங்க."

"படிக்காமயே நாலு வருஷ ஃபீஸுங்களா?"

"படிச்சா இன்னும் ஜாஸ்தி ஆகுமுங்க. லேப் ஃபீஸு, பஸ் ஃபீஸு எல்லாம் தனி. உங்களுக்காகக் குறைச்சுத்தான் சொல்றேன்."

உடும்புக் குலத்துக்கு ஒரே ஒரு ஆயுதம்தான் உண்டு. ஒண்டிமுத்து வாசலுக்கு வந்து ஒரு தங்கத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. "என் புள்ளை தோலைக் குடுக்காம நகர மாட்டேன்!" காவலுக்கு இருந்த எருமை வந்து அதன் வாலைப் பிடித்து இழுத்தது. உடும்பு விடவில்லை. எருமையும் விடவில்லை. கடைசியில் தூண்தான் விட்டது. உள்ளே முழுக்கத் தெர்மோகோல்.

எருமைக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. "அண்ணே, யாரும் பாக்கறதுக்குள்ள அத நட்டு வச்சிட்டுப் போயிருங்க. என் வேலை போயிரும்."

ஒண்டிமுத்து தூணை நட்டுவைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியது.

செம்மலர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீங்க எதுலயும் உக்கார மாட்டீங்கப்பா. எல்லாத்துலயும் துண்டு மட்டும் போடுவீங்க. இப்ப என் தோலைப் போட்டுட்டீங்க" என்றது.

ஒண்டிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு தகப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அந்தச் சுவரும் போன மழையில் பாதி இடிந்த சுவர். மருதாயிதான் பேசியது. "அழுது என்ன ஆகப் போவுது? காலையில போயி வரிசையில நில்லுங்க ரெண்டு பேரும். நின்னாத்தான் ஏதாச்சும் நடக்கும்."

நின்றார்கள். புளியந்தோப்பு வரிசை காலையில் ஆரம்பித்து மத்தியானத்தைத் தாண்டியும் நகராமல் இருந்தது, ஏனென்றால் கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா ஓர் ஆமை. ஒரு முத்திரை குத்துவதற்கு முன் கையை ஒருமுறை உள்ளே இழுத்து யோசித்துவிட்டுத்தான் வெளியே நீட்டும். ஒண்டிமுத்து நடுவில் ஒருமுறை போய்க் கெஞ்சிப் பார்த்தது.

"ஒரிஜினல் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றது ஆமை. "ரூலு. நான் பொறக்கறதுக்கு முன்னால போட்டது. அப்படின்னா எவ்வளவு பழசுன்னு பாத்துக்கங்க."

ஒண்டிமுத்து திரும்பி வந்து மகளுக்குப் பின்னால் நின்றது. செம்மலருக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். அந்த வெயிலிலும் தலையோடு காலாகக் கம்பளி போர்த்தியிருந்தார், கறுப்புக் கண்ணாடி வேறு. பக்கத்தில் ஒரு பிள்ளை. அதன் முகத்தையும் ஒரு சால்வை மறைத்திருந்தது.

"அப்பா, இங்க ஏசி இல்லையா?" என்றது பிள்ளை.

"ஷ்ஷ். தர்ஷன், வாய மூடு" என்றது கம்பளி.

செம்மலர் குனிந்து பார்த்தது. கம்பளிக்கு அடியில் ஒரு வால் எட்டிப் பார்த்தது. நுனியில் கறுப்புச் சாயம் அடித்த வால். அந்த வாலைக் காட்டில் தெரியாதவர்கள் இல்லை. முச்சந்திக்கு முச்சந்தி விளம்பரப் பலகையில் இருக்கும் வால்.

அப்பாவைக் கேட்கவில்லை. யோசிக்கவில்லை. செம்மலர் அந்த வாலை நாலு காலாலும் வாயாலும் கவ்விப் பிடித்துக்கொண்டது.

"யாரது! விடு! ஏய்!" என்றது நரி, கத்தவும் முடியாமல், கத்தாமல் இருக்கவும் முடியாமல். வரிசையில் பின்னால் மான்கள், முயல்கள், மயில்கள் நின்றிருந்தன. எல்லாம் நரியின் கல்லூரியில் துண்டு போட்டுவிட்டு, இங்கேயும் கெஞ்சிப் பார்க்கலாம் என்று வந்திருந்த பெற்றோர்கள்.

அப்போதுதான் ஒண்டிமுத்துவுக்கு விஷயம் புரிந்தது. வாழ்நாளில் முதல் முறையாக அதற்கு நாலு பேரும் பின்னால் நிற்கிறார்கள் என்பது சந்தோஷமாக இருந்தது. நரியின் காதோரம் போனது. "ஐயா! உங்க பையனை இங்கயா சேக்கறீங்க? உங்க காலேஜ்ல ஏசி இருக்குமேங்க?"

"அவனுக்கு ஏசி ஒத்துக்காது" என்று பல்லைக் கடித்தது நரி.

"தங்கத் தூணெல்லாம் இருக்குமேங்க?"

"மெதுவாப் பேசுங்க! நாம தனியாப் பேசிக்கலாம்."

"எனக்குத் தனியாப் பேசத் தெரியாதுங்க. நான் வேணா இந்த மானம்மாவக் கூப்பிட்டுக் கேக்கட்டுங்களா?"

உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்று ஒரு பழமொழி உண்டு. அன்றைக்கு நரி சொன்னதும் அதேதான், கைக்குப் பதில் வால். தன் மகனை ஓடவிட்டது. "தர்ஷன், பஸ்ஸ எடுத்துட்டுப் போயி அந்தத் தோல எடுத்துட்டு வா. அலமாரியில ரெண்டாவது தட்டு. அட்வான்ஸையும் கொண்டாந்திரு. ஓடு!"

ஏசி பஸ் பறந்தது. அதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. ஆமை மணியைப் பார்த்தது, பேனாவை மூடியது, கவுன்ட்டர் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தது.

ஒண்டிமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயா, கொஞ்சம் பொறுங்கய்யா!"

"டைம் ஆச்சுங்க. சாத்தியாச்சு" என்றது ஆமை, சாத்திக்கொண்டே.

அது முதல் கதவில் கை வைத்தபோது பஸ் ஆற்றைத் தாண்டியிருந்தது. பாதிக் கதவு நகர்ந்தபோது தர்ஷன் அலமாரியைத் திறந்தது. இரண்டாவது கதவுக்கு ஆமை கையை உள்ளே இழுத்து யோசித்துக்கொண்டிருந்தபோது பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரண்டு கதவுக்கும் நடுவில் ஓர் உடும்புத் தோல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தபோது, செம்மலரின் ஒரிஜினல் உள்ளே போய் விழுந்தது. ஆமை அதை எடுத்து, முகர்ந்து பார்த்து, முத்திரை குத்தியது. அப்புறம்தான் செம்மலர் வாலை விட்டது. அரசாங்க வேலை மெதுவாக நடப்பதைப் பற்றி அன்றிலிருந்து ஒண்டிமுத்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

தர்ஷனுக்கும் அடுத்த நாள் காலையில், யாரோ வந்து சேராமல் விட்ட ஓர் இடம் அங்கேயே கிடைத்தது.

இந்தச் சேதி காட்டில் பரவாமல் இருக்குமா? பரவியது. கல்வித் தந்தை தன் பிள்ளையைப் பொதுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டாராம் என்று பெற்றோர்கள் எல்லாம் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஓணான்தான் எழுந்து தெளிவாகச் சொன்னது. "தன் புள்ளைக்கு இவ்வளவு நல்ல இடமாப் பாத்துப் புடிச்சிருக்காருன்னா, அவர் எவ்வளவு விவரமானவரா இருக்கணும்! அப்பேர்ப்பட்டவரு நடத்துற காலேஜ்ல நம்ம புள்ளைங்களச் சேக்காம விடலாமா?"

எல்லாத் தலையும் ஆடின. அந்த வருடம் நரியின் கல்லூரியில் நிற்க இடமில்லை.

செம்மலர் ஒழுகும் கூரைக்குக் கீழே, பருப்பில்லாத சாம்பாரைக் குடித்து, மண்ணியல் படித்து முடித்தது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் வீட்டு வளையைத் திரும்பத் தோண்டியது. அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மருதாயி கண்ணை மூடவேயில்லை. கையைச் சுவரில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. சுவர் ஈரமாகக்கூட ஆகவில்லை. பிறகு அந்த வருடம் இட்டு வைத்திருந்த முட்டைகள் பொரிந்து, குட்டிகள் ஒவ்வொன்றாக மருதாயியின் கையில் ஏறியபோது, ஒண்டிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்தத் துண்டு அதற்கும் பயன்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுவாரம் காட்டு முச்சந்தியில் ஒரு புதிய விளம்பரப் பலகை முளைத்தது. அதில் ஆள் உயரத்துக்குச் செம்மலரின் படம். "காடு போற்றும் மண்ணியல் அறிஞர்! எங்கள் கல்லூரியில் இடம் பிடித்த மாணவி! – கல்வித் தந்தை குள்ளநரியார் உலகத்தரக் கல்லூரி."

இடம் பிடித்தது என்னவோ உண்மைதான். ஒண்டிமுத்து கோபத்தோடு அதைக் கிழித்துப்போடக் கிளம்பியது. கிட்டே போய்ப் பார்த்தது. படம் நன்றாக விழுந்திருந்தது. சுற்றிலும் நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தார்கள்.

ஒண்டிமுத்து கிழிக்க ஓங்கிய கையை இறக்கியது. பிறகு பச்சோந்தி கடைக்குப் போய், "அந்தப் பலகைய அப்படியே ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்துக் குடு. எதுக்கும் இருக்கட்டும்" என்றது.

நீதி: எது நல்ல கல்லூரி என்று நரியிடம் கேட்காதீர்கள், நரி தன் குட்டியோடு எந்த வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள். பார்த்ததும் அதற்கு நேர் பின்னால் போய் நில்லுங்கள், வால் எட்ட வேண்டும்.