கரடி படகை ரிவர்ஸ் எடுத்த கதை

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரி என்று ஒன்று இருந்தால் அது என்றைக்காவது பொங்கும் என்று யோசித்து, அந்தக் காட்டு விலங்குகள் ஒரு வெள்ள மீட்புக் குழு அமைத்தன. குழுவுக்கு ஒரு படகும், படகை இழுக்க ஒரு ஜீப்பும், இரண்டையும் ஓட்ட குப்பாண்டி என்ற கரடியும் கிடைத்தன. குப்பாண்டிக்கு நீச்சல் தெரியும், துடுப்புப் போடத் தெரியும், ஜீப் ஓட்டத் தெரியும். முன்பக்கமாக. பின்பக்கமாக ஓட்டத் தெரியுமா என்று வேலைக்கு எடுத்தபோது யாரும் கேட்கவில்லை. குப்பாண்டியும் தானாகப் போய்ச் சொல்லவில்லை.

படகு, ஜீப்புக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரில் உட்கார்ந்து வரும். அந்த டிரெய்லருக்குத் தனியாக ஒரு பிரேக் இருந்தது. ஜீப் சட்டென்று நின்றால் பின்னால் வரும் படகின் பாரம் இணைப்புக் கொக்கியை நெருக்கும். கொக்கி அமுங்கினால் டிரெய்லர் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். மலைச் சரிவில் இறங்கும்போது குப்பாண்டியின் முதுகைப் பலமுறை காப்பாற்றியது அந்த பிரேக்தான். அதனால் ஆயுத பூஜை அன்று ஜீப்புக்கு ஒரு பொட்டு வைத்தால், பிரேக்குக்கு இரண்டு பொட்டு வைத்துவிடும் குப்பாண்டி.

ஐப்பசியில் மேல்காட்டில் பேய்மழை பெய்தது. ஏரி நடுவே இருந்த திட்டில் மங்களம் என்ற முயல் குட்டிகளோடு குடியிருந்தது. காலையில் வாசலில் நின்ற தண்ணீர் மதியத்துக்குள் வளைக்குள் வந்துவிட்டது. மங்களம் குட்டிகளைத் திட்டின் உச்சியில் இருந்த பாறைமேல் ஏற்றி நிறுத்திக்கொண்டு கரையைப் பார்த்துக் கத்தியது.

கரையில் மீட்புக் குழுச் செயலாளர் நரி நல்லதம்பி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. "மங்களம் அம்மா பதற வேண்டாம். படகு புறப்பட்டுவிட்டது. நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது."

"யாரோட கட்டுப்பாட்டுல?" என்று பாறைமேலிருந்து கேள்வி வந்தது.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. கூடவே குப்பாண்டியின் மனைவி வெள்ளையம்மாளும் வந்தது. கரிக்கட்டை மாதிரி கறுப்பு. பெயர் வைத்தவர்கள் ஆசைக்கு வைத்துவிட்டார்கள். ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தால் பின்னால் நின்று வழி சொல்வதற்கென்றே குப்பாண்டி மனைவியை அழைத்து வந்திருந்தது.

ஏரிக்குள் இறங்க ஒரே ஒரு துறை. துறையின் இரண்டு பக்கமும் இரண்டு மருத மரங்கள். படகு நடுவில் போனால் இந்தப் பக்கம் ஒரு வாழைப்பழமும் அந்தப் பக்கம் ஒரு வாழைப்பழமும் வைக்கலாம். சீப்பாக வைக்க இடம் கிடையாது. குப்பாண்டி ஜீப்பைத் திருப்பி, படகின் பின்புறம் ஏரியைப் பார்க்க நிறுத்தி, சாமியைக் கும்பிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டது.

"வாங்க, வாங்க, வாங்க," என்றது வெள்ளையம்மாள். "வலப்பக்கம் ஒடிங்க!"

"எந்த வலம்? உன் வலமா, என் வலமா?"

"படகோட வலம்!"

"படகுக்கு எதுடி முன்னாடி?"

இதற்குப் பதில் வருவதற்குள் டிரெய்லர் நின்றுவிட்டது. குப்பாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தது. ஜீப் உறுமியது, சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன, டிரெய்லர் அசையவில்லை. பின்னால் தள்ளத் தள்ள கொக்கி அமுங்கியது. கொக்கி அமுங்கியதும், "ஓ, நிற்கச் சொல்கிறார்கள் போல" என்று பிரேக் தன் கடமையைச் செய்தது. முன்னால் போகும்போது எதற்காக இரண்டு பொட்டு வாங்கியதோ, அதே வேலையைத்தான் பின்னால் போகும்போதும் செய்தது.

துறைக்கு வரும் பாதையும் ஒன்றுதான், மேட்டுக்குப் போவதும் அதே பாதைதான். ஜீப் அதை அடைத்துக்கொண்டு நின்றதால், தாழ்வான இடங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த யானை, எருமை, மான் கூட்டமெல்லாம் வரிசையாக நின்றன. நின்றவர்கள் சும்மா நிற்பார்களா?

"இன்னும் நல்லா மிதிங்கண்ணே," என்றது ஒரு குரங்கு.

"மிதிக்கக் கூடாது, விட்டுவிட்டு மிதிக்கணும்," என்றது இன்னொன்று. அதற்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

வெள்ளையம்மாள் குனிந்து கொக்கியைப் பார்த்தது. பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது. "என்னங்க, ரிவர்ஸ் எடுக்கும்போது கொக்கி அமுங்காம இருக்க இந்த ஓட்டையில ஒரு ஆணி போடணும்னு வண்டியோட குடுத்தாங்களே. அது எங்க?"

குப்பாண்டி ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தது. கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"உங்களைத்தான் கேக்குறேன்."

"அது... நம்ம ஜன்னல் கொக்கி உடைஞ்சிருக்கு, ஒரு ஆணி கொண்டாங்கன்னு நீதானே சொன்னே?"

"நான் ஒரு ஆணி கேட்டேன். இந்த ஆணியவா கேட்டேன்?"

வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடை பெருக்கெடுத்து, வீடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வெள்ளையம்மாள் ஒரு குச்சியை ஒடித்து துளையில் செருகியது. ஜீப் பின்னால் வந்ததும் குச்சி முறிந்தது. பச்சைக் குச்சி வளைந்தது. கீழே கிடந்த எலும்பு ஒன்று பொருந்தவே இல்லை.

"கரடி அண்ணே!" என்று பாறையிலிருந்து மங்களம் கத்தியது. "நீங்க வர்றீங்களா, இல்ல நான் வேற யாரையாச்சும் கூப்பிடட்டுமா?" குரல் கிண்டலாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிச் சொல் நடுங்கியதைக் கரையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். தண்ணீர் மங்களத்தின் வயிற்றைத் தொட்டிருந்தது. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

வெள்ளையம்மாள் சுற்றிலும் பார்த்தது. நரி நல்லதம்பியின் இடுப்புப் பையில் மீட்புக் குழுவின் ரப்பர் ஸ்டாம்ப் தெரிந்தது. நல்ல தேக்குக் கைப்பிடி. கேட்டால் தராது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

"ஐயோ, அது குழுவோட முத்திரை!" என்று நரி அலறியது. "அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் நான் எதை வச்சு மீட்பேன்?"

தேக்குக் கைப்பிடி துளையில் கச்சிதமாகப் பொருந்தியது. "இப்ப வாங்க!" என்றது வெள்ளையம்மாள். குப்பாண்டி வந்தது. இவ்வளவு நேரம் மிதித்த பழக்கத்தில் அதே மிதி மிதித்தது. தடை எதுவும் இல்லாத டிரெய்லர் விருட்டென்று பின்னால் பாய்ந்து, ஒரு பக்கமாக மடங்கி, இரண்டு மரங்களுக்கும் நடுவே குறுக்காகப் போய்ச் செருகிக்கொண்டது. ஸ்டாம்ப் இரண்டாக உடைந்தது. பிரேக் மறுபடி பிடித்துக்கொண்டது. இனி பின்னாலும் இல்லை, பக்கத்திலும் இல்லை.

குரங்குகள்கூட யோசனை சொல்வதை நிறுத்திவிட்டன.

குப்பாண்டி ஜீப்பிலிருந்து குதித்து நேராகத் தண்ணீரை நோக்கி ஓடியது. வெள்ளையம்மாள் பாய்ந்து பிடரி மயிரைப் பிடித்தது. அந்த நேரத்தில் வேரோடு பிடுங்கிய ஒரு மரம் அவர்கள் கண்முன்னே வெள்ளத்தில் உருண்டு போயிற்று. நீந்தினால் கரடிக்கும் அதே கதிதான். குப்பாண்டி ஜீப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதது.

"ஒரு ஆணி. ஒரே ஒரு ஆணி. அந்தப் பிள்ளைங்க என்னைப் பாத்துக்கிட்டே நிக்குதுங்க."

வெள்ளையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவியது. "அழாதீங்க. ஏற்கெனவே ஏரி ஏறிக்கிட்டிருக்கு."

ஏறிக்கொண்டுதான் இருந்தது. துறையின் சரிவில் ஊர்ந்து வந்து டிரெய்லர் சக்கரத்தைத் தொட்டது. கூட்டம் பின்வாங்கியது. நரி ஒலிபெருக்கியோடு மருத மரத்தில் ஏறியது. நரிக்கு மரம் ஏறத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. சக்கரம் முழுகியது. ஜீப்புக்குள் தண்ணீர் வந்தது. குப்பாண்டியின் பாதம் நனைந்தது, அப்போதும் எழவில்லை.

படகு மெதுவாக ஒரு ஆட்டம் ஆடியது.

"என்னங்க," என்றது வெள்ளையம்மாள். "எழுந்திரிங்க! மிதக்குதுங்க!"

இரண்டும் பாய்ந்து கட்டியிருந்த பட்டைகளை அவிழ்த்தன. டிரெய்லர் அடியில் கிடக்க, படகு மட்டும் மேலே எழும்பி, மரங்களுக்கு நடுவே அலுங்காமல் வழுக்கி வெளியே வந்தது. அப்புறம் குப்பாண்டிக்குத் தெரிந்த வேலை. மேல்மூச்சு வாங்க, தோள் பிய்ந்துபோக, சுழல்களைச் சுற்றித் துடுப்புப் போட்டது. பாறையில் மங்களத்தின் காதுகளும் குட்டிகளும் மட்டும்தான் தெரிந்தன. வெள்ளையம்மாள் குட்டிகளை ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டது. மங்களம் கடைசிக் குட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறியது. ஏறியதும் குப்பாண்டியின் காலைக் கட்டிக்கொண்டது.

திரும்பி வரும்போது மரக்கிளையிலிருந்து ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. "நண்பர்களே! படகை ஏரிக்குக் கொண்டுபோவது பழைய முறை. ஏரி எந்த இடத்துக்கு வரும் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தில் படகை அசையாமல் நிறுத்தி வைப்பது நம் குழுவின் புதிய முறை. இதற்காக நான் என் முத்திரையையே தியாகம் செய்திருக்கிறேன்!"

வீடு முழுகிய விலங்குகள் எல்லாம் மேட்டில் நின்று கைதட்டின.

"மாட்டிக்கிட்டு நிக்கிறாருன்னுல்ல நெனச்சேன்," என்றது மங்களம்.

"அதைத்தான் நாங்க தொழில்நுட்பம்னு சொல்றோம்," என்றது நரி.

குப்பாண்டி வாயைத் திறந்தது. "ஐயா, உண்மையில அது ஒரு ஆணி—"

வெள்ளையம்மாள் காலை மிதித்தது. "சும்மா இருங்க. கழுத்துக்கு மாலை வருது பாருங்க."

வெள்ளம் வடிந்ததும் டிரெய்லர் அதே இடத்தில், அதே கோணலில் வெளியே தெரிந்தது. படகை மறுபடி அதன்மேல் ஏற்றி வைத்துப் பூப்போட்டார்கள். பக்கத்துக் காடுகளிலிருந்து மீட்புக் குழுக்கள் பயிற்சிக்கு வந்தன. குறுகலான இடத்தில் டிரெய்லரை எப்படி மடக்குவது, பிரேக்கை எப்படி இறுகவிடுவது, எந்த நேரத்தில் அழுவது என்று குப்பாண்டி பாடம் நடத்தியது. முதலில் கூச்சமாக இருந்தது. நாலைந்து வகுப்பு எடுத்த பிறகு குப்பாண்டியே அதை நம்ப ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வருஷம் மழை பெய்யவில்லை. ஏரி சுருங்கி தூரமாகப் போய்விட்டது. தண்ணீர் குடிக்க வந்த எருமைகள் துறையில் குறுக்காக நின்ற படகைப் பார்த்தன.

"கரடி அண்ணே, இதைக் கொஞ்சம் முன்னால எடுத்தா நாங்க இறங்கிப் போயிருவோம்," என்றது ஒரு கிழட்டு எருமை. "முன்னால போக பிரேக் தடுக்காதே?"

"தடுக்காது," என்றது குப்பாண்டி பெருமையாக. "ஆனா எடுத்துட்டா, வெள்ளம் வந்து யாரைத் தேடும்?"

எருமைகள் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முள்ளுக்குள் நடந்து, தண்ணீர் குடிக்கப் போயின.

நீதி: மாட்டிக்கொண்டால் முழிக்காதே, அப்படியே அசையாமல் நில். தண்ணீர் வந்தால் நீ தீர்க்கதரிசி. வராவிட்டால், வழியை அடைத்து நிற்கும் அரசாங்கத் திட்டம்.