சொல்லிக்கிட்டே செய்

இன்னும் நாப்பதே நாள்ல ஒரு புதுப் பாஷையை முழுசா மென்னு முழுங்கிடப் போறேன்னு ஒருநாள் அறிவிச்சேன்.

அறிவிச்ச இடம், எங்க வீட்டு சோபா. நேரம், சாயங்காலம் ஆறு மணி. கேட்டுக்கிட்டிருந்த மாபெரும் கூட்டம், என் பொண்டாட்டி. துணி மடிச்சுக்கிட்டிருந்தா.

"எந்தப் பாஷைங்க?"

"மெஷின்காரர் பாஷை."

நான் வேலை பாக்கறது சலவை பேக்டரியில. ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரி பெட்ஷீட், ஹோட்டல் துண்டு எல்லாம் எங்ககிட்டதான் வந்து குளிச்சிட்டுப் போகும். பத்து வருஷமா ஈரத் துணி தூக்கித் தூக்கி, மழை வரப் போறதை என் முதுகு ஒருநாள் முன்னாடியே சொல்லிடும். இப்ப வெளிநாட்டுலேருந்து ராட்சச மெஷின் ஒண்ணு வருது. கூடவே அதை மாட்டறதுக்கு ஒரு மெஷின்காரர் வர்றாரு. மூணு மாசம் இருப்பாரு. அவர் பாஷையைத் தவிர வேற ஒரு பாஷையும் அவருக்குத் தெரியாது.

எங்க மேனேஜருக்கு முன்பல்லுல ஒரு சந்து. பேசினா விசில் வரும். அதனால அவர் பேரே விசில். அவர் எல்லாரையும் நிக்க வச்சு சொல்லிட்டாரு: "அவர்கூட எவன் பேஸ்ஸறானோ, அவன்தான் ஸ்ஸ்சூப்பர்வைசர்!"

சூப்பர்வைசர்! நனையாத சட்டை. கையில அட்டை. காதுல பேனா. துணியை நான் தூக்க வேண்டாம், தூக்கறவனைப் பாத்தா போதும். என் முதுகுக்கு அன்னிக்கே கண்ணீர் வந்துடுச்சு.

"முழு நேரம் வேலை பாத்துக்கிட்டு எப்படிங்க படிப்பீங்க? உங்களுக்கும் புத்தகத்துக்கும்தான் ஆகாதே."

உண்மைதான். எட்டாங்கிளாஸ்லயே பள்ளிக்கூடமும் நானும் மனசு ஒத்துப் பிரிஞ்சிட்டோம். ஆனா எனக்குக் காது இருக்கு. எந்தக் குரலைக் கேட்டாலும் அடுத்த நிமிஷம் அப்படியே பேசிக் காட்டுவேன். விசில் மாதிரி, பக்கத்து வீட்டு பிரஷர் குக்கர் மாதிரி, எங்க மாமனார் தூங்கற மாதிரி. என் பொண்டாட்டியோட தம்பி, என் மச்சான், வாரா வாரம் வந்து எதிர்ல உக்காந்து கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். ஊர்லயே உள்ள ஒரே ரசிகன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. நாப்பது நாளைக்கு எனக்கு எந்த வேலையும் சொல்லாதே. மூளையில எடம் வேணும்."

"இதுவரைக்கும் என்ன வேலை செஞ்சீங்க?"

"அதையேதான் தொடர்ந்து செய்யப் போறேன்."

அவளும் வேலைக்குப் போறவதான். பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுண்டர். நாள் பூரா "அந்த பஸ் போயிடுச்சு, அடுத்தது ஆறே கால்"னு கத்திட்டு, வீட்டுக்கு வந்தா பாத்திரம், பெருக்கறது, துடைக்கறது. ஆறு வருஷமா ஒரே கோரிக்கை: "பாதி வேலை நீங்க செய்யுங்க." ஆறு வருஷமா ஒரே பதில்: "நான் முழு நேரம் உழைக்கறவன்மா!" அவளும் விடமாட்டா, நானும் அசையமாட்டேன்.

அன்னிக்கு அவ துணியை மடிச்சுக்கிட்டே சிரிச்சா. நான் அதைத் தோல்விச் சிரிப்புன்னு நெனச்சுட்டேன்.

மறுநாளே என் போன்ல ரெக்கார்டு பண்ணின ஒரு குரல் வந்து விழுந்துச்சு. தெரியாத நம்பர். கனமான குரல். குகைக்குள்ளேருந்து முனிவர் பேசற மாதிரி எதிரொலி.

"அன்பார்ந்த உழைப்பாளியே! உனக்கு நேரம் இல்லை. நான் அறிவேன். உட்கார்ந்து படிக்காதே. சொல்லிக்கொண்டே செய். செய்துகொண்டே சொல். கை பழகினால் நாக்கு தானாகப் பழகும். பாடம் ஒன்று. தட்டு. எடு. கழுவு. கவிழ்த்து வை."

அப்புறம் ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தப் பாஷையில என்னன்னு மூணு தடவை சொன்னாரு. வாயில வெந்நீரை வச்சுக்கிட்டு கோவப்படற மாதிரி ஒரு பாஷை. கடைசியில, "ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இந்த வாக்கியத்தைச் சொல்: நீங்க போய் உக்காருங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "கேட்டியா? என்னா மூளை பாரு! என் நம்பர் இவருக்கு எப்படிக் கெடச்சுது?"

"பெரிய மனுஷங்களுக்குத் தெரியாத நம்பர் இருக்குமாங்க?"

"அந்தத் தட்டை இப்படிக் குடு."

"ஐயையோ, நீங்க எதுக்கு..."

"குடுன்னா குடு! என் படிப்பைக் கெடுக்காதே!"

சண்டை போட்டுப் புடுங்கிட்டேன். எடுத்தேன், சொன்னேன். கழுவினேன், சொன்னேன். கவிழ்த்தேன், சொன்னேன். கடைசியில அந்த வாக்கியத்தையும் சொன்னேன். அவ போய் உக்காந்தா.

தினமும் ஒரு பாடம். பாடம் ரெண்டு, பெருக்கறது. பாடம் அஞ்சு, துணி பிழியறது, உதறறது, காயப் போடறது. பேக்டரிக்குப் போறப்ப பஸ்ல கேப்பேன். வந்தவுடனே செய்வேன். பொண்டாட்டிக்கு வாய்ப்பே குடுக்கல. அவ விளக்கமாத்துப் பக்கம் போனாலே பாய்ஞ்சு புடிச்சிடுவேன்.

"இன்னிக்காவது நான் பெருக்கறேனே?"

"ஏமாத்தப் பாக்கறியா? பெருக்கறது என் பாடம்!"

அந்த வாத்தியாரோட ஞானத்தை என்னான்னு சொல்ல! பதினோராம் நாள் எங்க பாத்ரூம்ல தண்ணி போகாம முட்டி நிக்குது. அதே சாயங்காலம் பாடம் பதினொண்ணு: "தண்ணீர் போகவில்லை. மூடியைத் திருகு. மெதுவாக. உள்ளே முடி. வெளியே எடு." நான் அசந்தே போயிட்டேன். உலகத்துல எல்லா வீட்லயும் பதினோராம் நாள் பாத்ரூம் அடைச்சுக்கும்னு கண்டுபுடிச்சு வச்சிருக்காரே மனுஷன்!

எதிர்வீட்டுக்காரர் ஒரு எலக்ட்ரீஷியன். நாங்க ஃபியூஸுன்னு கூப்பிடுவோம். ஒருநாள் நான் பால்கனியில பெட்ஷீட்டை உதறிக்கிட்டே அந்தப் பாஷையில கத்திக்கிட்டிருந்தேன். எட்டிப் பாத்தாரு.

"என்னண்ணே, வீட்ல உங்களை வேலைக்கு வச்சுட்டாங்களா?"

"படிச்சுக்கிட்டிருக்கேன், ஃபியூஸு!"

"பெட்ஷீட்டையா?"

"இது வெளிநாட்டு முறை. உனக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்குப் புரியுதுண்ணே. உங்களுக்குத்தான்..."ன்னு இழுத்தாரு. பொறாமை. மன்னிச்சு விட்டுட்டேன்.

நாப்பதாம் நாள் வந்துச்சு. மெஷின்காரரும் வந்தாரு. ஆறடி. மீசை, ரெண்டு பக்கமும் பிரஷ் மாதிரி. போட்டிக்கு எங்ககிட்ட இன்னொருத்தன் இருந்தான். பில் போடற செக்‌ஷன்ல இருந்து வந்தவன், ரெண்டு டிகிரி. போன்ல பாடம் படிச்சு சர்டிபிகேட்டே வாங்கிட்டான். மெஷின்காரரைப் பாத்ததும் ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும்னு அழகா கேட்டான். அவரும் பாவம், இவன் ஊரை விட்டே கெளம்பறான்னு நெனச்சு கை குலுக்கி வழியனுப்பினாரு.

அப்பதான் அது நடந்துச்சு. புது மெஷினை ஓட விட்டாங்க. முப்பது பெட்ஷீட்டு உள்ள சுத்துது. திடீர்னு ஒரு உறுமல். அடியிலேருந்து தண்ணி பொங்குது. விசில் விசிலடிக்கிறாரு. மெஷின்காரர் கையை ஆட்டி ஏதோ கத்தறாரு. ரெண்டு டிகிரிக்காரன், இன்னிக்கு வெயில் நல்லா இருக்குன்னு சொல்றான்.

என் காதுல மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் டாண் டாண்ணு விழுந்துச்சு. தண்ணி போகல! மூடியைத் திருகு! மெதுவா!

அடேய், இது பாடம் பதினொண்ணு!

பாய்ஞ்சேன். மெஷினுக்கு அடியில ஒரு மூடி. "திருகு! மெதுவாக!"ன்னு அந்தப் பாஷையில சொல்லிக்கிட்டே திருகினேன். "உள்ளே!" கையை விட்டேன். பூனைக்குட்டி சைஸுக்கு நூல் உருண்டை. "வெளியே எடு!" எடுத்தேன். சொர்ர்ருன்னு தண்ணி எறங்கிடுச்சு. பாடம் முடிஞ்சா பழக்கம் விடுமா? மெஷின்காரர் மூஞ்சியைப் பாத்து அந்தக் கடைசி வாக்கியத்தையும் அவர் பாஷையிலயே சொல்லிட்டேன்: "நீங்க போய் உக்காருங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மனுஷன் அப்படியே நின்னாரு. முப்பது வருஷமா ஊர் ஊரா மெஷின் மாட்டறவரு. ஒரு ஊர்லயும் ஒருத்தனும் அவர்கிட்ட இதைச் சொல்லல போலிருக்கு. ஒரு துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உக்காந்தாரு. மீசை நடுங்குச்சு. விசிலைக் கூப்பிட்டு விரலை என் பக்கம் நீட்டினாரு. நான் சூப்பர்வைசர்!

வீட்டுக்குப் போனேன். போகலைங்க, மிதந்தேன். காதுல பேனா. பொண்டாட்டிக்கு சந்தோஷம்னா சந்தோஷம், கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. அந்தச் சூட்டோடயே ரெண்டாவது அறிவிப்பையும் விட்டேன்.

"படிப்பு முடிஞ்சது. இனிமே இந்தக் கை பேனா புடிக்கிற கை. தட்டு, விளக்கமாறு ஒண்ணும் தொடாது."

"சரிங்க. உங்க இஷ்டம். ஆனா அந்த வாத்தியாருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?"

"கால்லயே விழுவேன்! எங்க இருக்காரு அந்தத் தெய்வம்?"

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றாரு."

ஞாயித்துக்கிழமை மணி அடிச்சுது. சலவைச் சட்டையோட ஓடிப் போய் கதவைத் திறந்தேன். மச்சான் நிக்கறான்.

"நீயா? தள்ளி நில்லுடா, வாத்தியார் வர்ற நேரம்."

தொண்டையைச் செருமினான். "அன்பார்ந்த உழைப்பாளியே!"

அதே குரல். குகை மட்டும்தான் இல்ல.

அவன் பின்னாடி எட்டிப் பாத்தேன், வேற யாரும் இல்ல. "குகை? அந்த எதிரொலி?"

"வாளி மாமா. தினமும் வாளிக்குள்ள தலையை விட்டுத்தான் பேசினேன். ஜலதோஷமே புடிச்சிடுச்சு."

"எனக்கேவாடா? ஊர்ல எல்லார் குரலையும் பேசறவன்டா நான்!"

"அவனும் ஆறு வருஷமா எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தான்?"னா பொண்டாட்டி. "காது உங்களுக்கு மட்டுமா இருக்கு?"

"அப்ப பாடமெல்லாம் பொய்யா?"

"பாஷை நெசம். லைப்ரரியில எடுத்த புத்தகம். பஸ் வராத நேரத்துல கவுண்டர்ல உக்காந்து நான்தான் ஒவ்வொண்ணா எழுதிக் குடுத்தேன். வேலை கெடச்சுதா இல்லையா?"

கெடச்சுது. அதனால கோவப்படவும் வழியில்ல. பேனாவைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். சாப்பாட்டு மேஜையில சூப்பர்வைசர் மாதிரி நிமிந்து உக்காந்தேன்.

"சரி, போகட்டும். உங்க வேலையும் நடந்துச்சு, என் வேலையும் நடந்துச்சு. இனிமே நான் எந்திரிக்க மாட்டேன். அவ்வளவுதான்!"

"எந்திரிக்க வேண்டாங்க. ஆனா மெஷின்காரர் இன்னும் மூணு மாசம் இருப்பாருன்னு சொன்னீங்களே. நாளைக்குப் புதுசா ஏதாவது சொன்னா என்ன பண்ணுவீங்க?"

மச்சான் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே என்னைப் பாத்தான். அவ அலமாரியிலேருந்து செங்கல் மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்து மேஜை மேல வச்சா. அதுல கால்வாசிக்கு முன்னாடியே அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டு சொருகியிருந்துச்சு.

"நூத்தி எழுபது பாடம் இருக்குங்க. நாம நாப்பதுதான் முடிச்சிருக்கோம்."

மச்சான் கையைக் கழுவிட்டு வந்து, வாளி இல்லாமலே ஆரம்பிச்சான்: "பாடம் நாற்பத்தொன்று. ஜன்னல்."

எங்க வீட்ல மொத்தம் பதினோரு ஜன்னல்.