வீடு எடுக்கப்போய் அண்ணன் தம்பியான கதை

யாழ்ப்பாணத்தில் நீங்கள் எந்தப் பொய்யும் சொல்லலாம். சோதனையில் எத்தனை பாடம் பாஸ், கொழும்பில் என்ன வேலை, மருமகன் கனடாவில் என்ன செய்கிறார், எதை வேண்டுமானாலும் கூட்டிச் சொல்லலாம். கேட்பவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் சொந்தபந்தத்தில் மட்டும் பொய் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். அதுவும் ஒரு கலியாணத் தரகரிடம் சொன்னேன். (ஓம், படித்த பிள்ளைதான். என்ன செய்ய?)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. புத்தூரில் வெங்காயம் செய்கிற குடும்பத்தில் இளையவன். குகனுக்கு வல்வெட்டித்துறை. கொழும்பில் ஒரு ஹோட்டலில் நான் வரவேற்பு மேசையில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவன் உள்ளே கேக் அடித்துக்கொண்டிருந்தான். அங்கேதான் பழக்கம். பழக்கம் என்றால் காதல், சுற்றி வளைப்பானேன். நாலு வருடத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி, நல்லூர்ப் பக்கம் ஒரு கேக் கடை போடுவது, அந்த வீட்டின் பின்பக்கத்திலேயே இரண்டு பேரும் குடியிருப்பது என்று முடிவெடுத்தோம். புத்தூரில் அம்மாவுக்கும் அண்ணைக்கும் குகன் என்னோடு கூட்டாகக் கடை போடுகிறவன், அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல்லும் அவர்கள் காதில் விழுந்துவிடக்கூடாது என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை.

இந்த ஆசையை எங்கள் தலைக்குள் ஏற்றிவிட்டவன் சீலன் என்ற சிநேகிதன். வெளிநாட்டில் ஏதோ ஒரு மலை நகரத்தில் தன் துணைவனோடு இருக்கிறான். அங்கே கடைக் கதவுகளில் சின்னதாய் ஒரு வானவில் ஒட்டியிருப்பார்களாம், இறைச்சிக் கடையில்கூட. வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரி கேட்கிற முதல் கேள்வி, நாய் வளர்க்கிறீர்களா என்பதுதானாம். "நீங்களும் துவங்குங்கோடா, சனம் பழகிடும்" என்று அவன் மலையில் இருந்துகொண்டு போனில் சொல்லுவான். எங்களிடம் மலை இல்லை. யாழ்ப்பாணத்தில் உயரத்துக்குப் போகவேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கியில்தான் ஏறவேண்டும். நாட்டின் சட்டப் புத்தகத்திலும் எங்களைப் பற்றி அவ்வளவு மரியாதையாக எழுதவில்லை.

ஏழு வீடு பார்த்தோம். ஏழிலும் ஒரே பதில்.

"கலியாணம் கட்டாத பெடியளுக்குக் குடுக்கிறேல்லைத் தம்பி. பேந்து பெட்டையளைக் கூட்டிக்கொண்டு வருவியள்."

உலகத்தில் உள்ள குற்றங்களில், செய்யவே மாட்டோம் என்று நாங்கள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் அதை விளக்கப் போனால் வீடு மட்டுமல்ல, கேற்றுக்கு வெளியே நிற்கவும் விடமாட்டார்கள்.

எட்டாவது வீட்டுக்குப் போகிற வழியில் சொந்தக்காரர் என்று சொல்வதாகத் தீர்மானித்தோம். "மச்சான்மார் எண்டு சொல்லுவம்" என்றான் குகன்.

"விசரா! மச்சானும் மச்சானும் ஏன் ஒரு வீட்டிலை இருக்கினம் எண்டு கேப்பினம். சகோதரம் எண்டு சொன்னால் ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம். சகோதரம் எண்டால் எவ்வளவு புனிதம்!"

புனிதம் என்ற சொல்லை நான்தான் சொன்னேன். அதைக் குகன் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டுக்காரி தவமணி அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். வீட்டின் ஒரு பாதியில் அவர் தனியாக இருந்தார். மற்றப் பாதியும் றோட்டைப் பார்த்த முன்னறையும் வாடகைக்கு. மேசையில் சாதகக் குறிப்புகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. முப்பது வருடமாகக் கலியாணம் பேசுகிற மனுசி. அந்த அடுக்கைப் பார்த்தாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"தம்பி எவடம்?"

"புத்தூர்."

"ஆற்றை மோன்?"

காலமான அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"இவர்?"

"நான் வல்வெட்டித்துறை" என்று குகன் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டான். நான் பாய்ந்து விழுந்தேன். "இவர் என்ரை சித்தப்பாடை மோன் அக்கா. எங்கடை அப்பாவும் இவற்றை அப்பாவும் கூடப்பிறந்தவை. சித்தப்பா வல்வெட்டித்துறையிலை கலியாணம் கட்டி, சீதன வீட்டோடை அங்கையே இருந்திட்டார்."

அந்த இடத்தில் என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். தவமணி அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவுத் திறப்பைத் தந்தார்.

கடை திறந்தோம். சீலனின் ஞாபகமாகக் குகன் ஏழு நிற அடுக்குக் கேக் ஒன்று செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தான். மலை நகரத்தில் அது ஒரு அடையாளம். நல்லூரில் அது பிறந்தநாள் கேக். ரியூசன் விட்டு வருகிற பிள்ளைகள் தாய்மாரை இழுத்துக்கொண்டு வந்து வாங்கின. எல்லாம் நல்லாய்த்தான் போனது.

தவமணி அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்து, "கட்டில் ஒண்டுதான் வந்திருக்கு?" என்று கேட்டார்.

"மற்றது தச்சனிட்டை அக்கா."

அதற்கு நாலாம் நாள் மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்போடு பின்கதவால் வந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குகன் மீனில் முள்ளை எடுத்துவிட்டு என் சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தான். (எனக்கு முள் எடுக்கத் தெரியாது. வல்வெட்டித்துறையானுக்கு அது கைவந்த கலை.) அக்கா ஒரு நிமிடம் நின்றார். சட்டியை வைத்தார். வந்த கதவாலேயே திரும்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் முகம் செத்தவீட்டு முகம். கேக் கொடுத்தால் வேண்டாம் என்றார். எங்களைக் கண்டால் "முருகா, முருகா" என்று தலையைத் திருப்பிக்கொண்டார். காலையும் மாலையும் கோயிலுக்கு ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அவவுக்கு விளங்கிட்டுது" என்றான் குகன். "போய் உண்மையைச் சொல்லுவம்."

"உண்மையோ? உனக்கென்ன பிடிச்சிருக்கு? வீடும் போய், கடையும் போய், கதை புத்தூருக்கும் போகும். நாங்கள் அசல் சகோதரங்கள் எண்டு நம்பப்பண்ண வேணும்."

சகோதரங்கள் யாழ்ப்பாணத்தில் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரிந்த சகோதரங்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் செய்வது ஒன்றே ஒன்று. காணிச் சண்டை.

அடுத்த நாள் காலை கடையில் சனம் நிற்கிற நேரம் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன். "அப்பாடை காணியிலை வேலிக் கதியாலை ஒரு அடி தள்ளி நட்டது ஆர்?"

குகன் கிறீம் பையும் கையுமாக என்னைப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன்.

"நானில்லை" என்றான், மிகவும் மரியாதையாக.

"நீயில்லாட்டிக் கொப்பர்! பங்குக் கிணத்திலையும் தண்ணி அள்ள விடுறேல்லை!"

அப்போதுதான் இது நாடகம் என்று அவனுக்கு ஓடி வெளித்தது. ஓடி வெளித்ததும் பிடிக்க முடியவில்லை. "பனை ரெண்டும் எங்கடை!" என்று மேசையில் ஓங்கிக் குத்தினான். கிறீம் பை வெடித்து, கேக் வாங்க வந்த ஒரு தாயின் கண்ணாடியில் போய் அப்பியது. "வேலிக்கை நிக்கிற மாமரமும் எங்கடை! வா கோட்டுக்கு!"

பக்கத்துத் தையல்கடை ரஷீத் நானா அளவுநாடா கழுத்தில் தொங்க ஓடிவந்தார். "தம்பிமார், கோட்டுக்கு மட்டும் போகாதேங்கோ. எங்கடை காணி வழக்கு நான் பிறக்க முந்தித் துவங்கினது, இன்னும் முடியேல்லை. அளக்கிறதுதான் பிரச்சினையெண்டால் நானே வந்து அளந்து தாறன்" என்று நாடாவைக் கழற்றினார்.

தவமணி அக்கா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கதிரையில் பொத்தென்று இருந்து, "சகோதரங்கள்தான்... அசல் சகோதரங்கள்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழத்தொடங்கினார்.

"பாத்தியோ, நம்பிட்டா" என்றேன் குகனிடம். அவர் ஏன் அழுகிறார் என்று ஒரு நிமிடம் யோசிக்கக்கூட எனக்கு மூளை இருக்கவில்லை.

மறுநாள் அக்கா குடையும் கைப்பையுமாக பஸ் ஏறினார். எங்கே போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. போனது புத்தூருக்கு. தரகர்மார் விசாரிக்கிற முறை ஒன்று இருக்கிறது. நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். சந்திக் கடையில் ஒரு சோடா, கிணற்றடியில் ஒரு கதை, கோயிலடியில் ஒரு கதை. "அந்தக் குடும்பம் எப்பிடி? தேப்பனோடை கூடப்பிறந்தவை எத்தினை பேர்?" இப்படி ஒரு தரகர் வந்து கேட்டால் ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவர் இரண்டாவது ஒழுங்கைக்குத் திரும்ப முன்னரே, எனக்குச் சம்பந்தம் வந்துவிட்டது என்று புத்தூர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணை வந்து இறங்கினார். வெள்ளைச் சேட்டு, மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒரு வாழைக்குலை, முகம் முழுக்கப் பல்.

"கள்ளா! எனக்கும் சொல்லாமல் எல்லாம் நடக்குதென்ன? பொம்பிளை எவடம்?"

நான் வாயைத் திறக்க முன்னர் தவமணி அக்கா தன் பக்கத்துக் கதவால் வந்தார். பதினொரு நாளாகக் காணாத சிரிப்பு. நேரே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டுக் கேக்கை எடுத்து நின்ற நிலையில் விழுங்கினார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகுதான் கதைத்தார்.

"புத்தூரிலை விசாரிச்சிட்டன். இவற்றை தேப்பனுக்கு நாலும் பொம்பிளைச் சகோதரங்கள். ஆம்பிளைச் சகோதரமே இல்லை! ரெண்டு பேருக்கும் ஒரு ஒட்டு உறவும் கிடையாது. முறை பிழைக்கேல்லை!"

"என்ன முறை?" என்றார் அண்ணை.

அக்கா அவரைக் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "எடேய், முப்பது வருசமாய்ச் சோடி சேர்க்கிறன். மீன் முள் எடுத்துக் குடுக்கிறதைப் பாத்த உடனை எனக்கு விளங்கிட்டுது. அதிலை எனக்கு ஒண்டுமில்லை. லண்டனிலை என்ரை அக்காடை மோனும் அப்பிடித்தான், ஒரு வெள்ளைக்காரப் பெடியனோடை சந்தோசமாய் இருக்கிறான். ஆனால் சகோதரம்! தேப்பன்மார் கூடப்பிறந்தவை எண்டு உம்மடை வாயாலை சொன்னீரே! அண்ணன் தம்பி முறையிலை குடும்பம் நடத்தினால் அந்தப் பாவம் என்ரை வீட்டுக்கெல்லோ! பதினொரு நாள் எனக்குச் சோறு இறங்கேல்லை. பேந்து காணிச் சண்டை வேறை! மச்சான் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சா போவீர்?"

குகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன்.

அண்ணையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அப்ப... பொம்பிளை?"

"பொம்பிளை இல்லை. இவர்தான்" என்று அக்கா கேக் பிடித்த கையால் குகனைக் காட்டினார்.

அப்பா போன பிறகு வெங்காயம் விற்றுப் படிப்பித்த அண்ணை. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குகன்தான் கதைத்தான். "ஓம் அண்ணை. நாலு வருசமாய்."

அண்ணை மோட்டார்சைக்கிளில் இருந்து குலையை அவிழ்த்துக் கையில் எடுத்தார். பிறகு குகனைப் பார்த்து, "தம்பி..." என்று தொடங்கினார்.

"தம்பி எண்டு சொல்லாதேங்கோ!" தவமணி அக்கா பாய்ந்தார். "இப்பதான் முறையை ஒரு மாதிரி நேராக்கி வைச்சிருக்கிறன். திரும்பக் குழப்பாதேங்கோ!"

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"மச்சான் எண்டு கூப்பிடுங்கோ."

அண்ணை ஒன்றும் கூப்பிடவில்லை. குலையை மேசையில் வைத்துவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சத்தம் கேட்டு வந்த ரஷீத் நானா வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். "அப்ப காணிப் பிரச்சினை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை நானா. காணியே இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போனார். அந்த றோட்டில் அதற்குமேல் ஒருவரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அண்ணை ஐந்து மாதம் என்னோடு கதைக்கவில்லை. நான் போன் எடுத்தால் அண்ணிதான் கதைப்பா. அவர் பக்கத்தில் இருந்து இருமுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த இருமலைக் கேட்பதற்காகவே எடுப்பேன். எத்தனை நாள் மாவுக்குள் கண்ணீர் விழுந்திருக்கும் என்று தெரியாது. வாங்கித் தின்ற சனம் மன்னிக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் அண்ணி போன் எடுத்து, மகளின் பிறந்தநாளுக்குக் கேக் கேட்டா. "ரெண்டு பேரும் கொண்டு வாங்கோ. அவர்தான் சொல்லச் சொன்னவர்" என்றா.

போனோம். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "உவற்றை நட்சத்திரம் என்ன?" என்று கேட்டா. சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றா. அவவுக்கு யார் எப்போது சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

பந்தியில் அண்ணைதான் சோறு போட்டார். எல்லோருக்கும் போட்டுக்கொண்டு வந்து குகனின் இலையடியில் நின்றார். அகப்பை அந்தரத்தில் நின்றது. அண்ணை ஒருமுறை இருமினார்.

"மச்சான்... இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

குகன் கோழி கொறிக்கிற மாதிரிச் சாப்பிடுகிறவன். அன்று வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நாலு தரம் வாங்கிச் சாப்பிட்டான். நான் கை கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அண்ணையின் மகளுக்கு இப்போது ஏழு வயது. நான் சித்தப்பா, குகன் மாமா. போன மாதம் அவளுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். "ரெண்டு பேரும் ஒரு வீட்டிலைதானே இருக்கினம்? ஏன் ரெண்டு பேரையும் சித்தப்பா எண்டு கூப்பிடேல்லை?" என்று கேட்டிருக்கிறாள்.

எங்கள் குஞ்சு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பதை அப்படியே சொன்னாளாம்.

"விசரே உனக்கு? அப்பிடிக் கூப்பிட்டால் தவமணி அம்மம்மா சோறு தின்னாமல் செத்துப்போவா!"