குன்றின் உச்சியைக் கூட்டித் தெளித்த கதை

ஆயிரம் வருடத்து மழையும் பனியும் செய்யாமல் விட்ட வேலையொன்றை நான் ஒரு மணித்தியாலத்தில் செய்து முடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்து, டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த இராசண்ணை என்னை ஒரு கோடைகால வேலைக்குக் கூட்டிப்போனார். நகருக்கு வெளியே ஒரு குன்று. வெள்ளையர் வர நெடுங்காலம் முன்பே, அந்த மண்ணின் ஆட்கள் அதன் உச்சியை வளைத்து மண் அணை எழுப்பி, வெளியே அகழி வெட்டியிருந்தார்களாம். (எனக்கென்னவோ மிளகாய்த் தோட்டத்து வரம்பு மாதிரித்தான் தெரிந்தது.) பேராசிரியை ஒருவர் அதைச் சிறு கரண்டியால் சுரண்டிச் சுரண்டி ஆராய்ந்தார். நாங்கள் மண் சுமந்தோம். அவர் தோண்டிய குழிக்குள் இறங்க எனக்கு அனுமதியில்லை. ஏன் என்று யோசித்ததுமில்லை.

அடுத்த செவ்வாய் என் அகதி விசாரணை. வேலை தந்தவரின் கடிதம் இருந்தால் பெரிய உதவி என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தருவதாகப் பேராசிரியை ஒப்புக்கொண்டார்.

அதே வெள்ளி, ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களை அழைத்துவரப் பேராசிரியையும் இராசண்ணையும் கீழே இறங்கினார்கள். மேலே நான் தனியே. ஆட்கள் வருகிற முற்றத்தைக் கூட்டித் தெளிக்காமல் விடுகிற வளர்ப்பா என்னுடையது?

குழிக்குள் பழைய சட்டித் துண்டுகள் இறைந்து கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இலக்கம் எழுதிய காகிதம். பாவம், நேரமில்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று இரங்கி, துண்டுகளை ஒரு வாளியில் பொறுக்கினேன். காகிதங்களைக் கிழித்தெறிந்தேன். தும்புத்தடியால் கூட்டி, தண்ணீர் தெளித்தேன்.

முதலில் மேலே வந்தவர் இராசண்ணை.

"ஆரடா இது செய்தது?"

"நான்தான் அண்ணை. ஆக்கள் வருகினமெல்லோ."

"அவையள் அந்தக் குப்பையைப் பார்க்கத்தானேடா வருகினம்."

துண்டு முக்கியமில்லையாம், அது மண்ணில் கிடந்த இடமும் ஆழமும்தான் எல்லாமாம் என்று இராசண்ணை சொன்னார். பேச்சுக் குரல்கள் ஏறி வந்தன. கடிதம், செவ்வாய், திருப்பி அனுப்பும் விமானம், எல்லாம் கண்ணுக்குள் சுழன்றன. வாளியைக் கவிழ்த்துத் துண்டுகளைத் திரும்பப் பரப்பிவிடக் குனிந்தேன். இராசண்ணை என் சேட்டுக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"பொய்யையும் சேர்த்துப் புதைக்காதை."

பேராசிரியை வந்ததும் வாளியை நீட்டி, தெரிந்த இங்கிலீசில், செய்தது நான்தான் என்றேன். அவர் முகம் வெளிறியது. வந்தவர்களில் யாரோ இருமினார்.

பிறகு பேராசிரியை மெதுவாகக் குந்தினார். ஈர மண்ணில், அணையோரமாக, காய்ந்திருந்தபோது தெரியாத கரிய வட்டங்கள் வரிசையாக நின்றன. அந்தக் காலத்து வேலிக் கம்பங்கள் உக்கி மண்ணாகிப்போன தடங்களாம். நான் தெளித்த தண்ணீர் அவற்றைக் காட்டிக்கொடுத்திருந்தது.

அதற்காக என்னைக் கட்டியணைத்தார் என்று நினைக்காதீர்கள். அன்றே வேலையிலிருந்து நிற்பாட்டினார். கடிதத்தை மட்டும் அங்கேயே எழுதித் தந்தார்.

செவ்வாயன்று விசாரணை அதிகாரி அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி சத்தமாக வாசித்தார்.

"இவர் தன் பிழையை எவரும் கேட்குமுன் சொல்பவர். இவர் சொல்வதை நம்பலாம். தும்புத்தடியை மட்டும் கையில் கொடுக்க வேண்டாம்."

முதலிரண்டு வரிகளால் எனக்கு இந்த நாடு கிடைத்தது. கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் என் மனைவி, வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவது மூன்றாவதை மட்டும்தான்.