உசிர் நானாவும் கேம்புப் படமும்

கம்பளையில் ஒரு மனிதர் ஏழெட்டு வருஷம் ஒருவரையும் சாகவிடாமல் காப்பாற்றினார். நம்பினால் நம்புங்கள். அவர் மருந்து கொடுக்கும் பரிசாரியுமில்லை, மந்திரவாதியுமில்லை. படங்கள் பேசத் தொடங்காத காலத்தில், எங்கள் தகரக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்று கதை சொன்னவர். சொந்தப் பெயர் அவரைப் பெற்ற உம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் உசிர் நானா, உசிரைக் காக்கும் அண்ணன்.

நான் அவர் காலடியில் இருந்து ஆர்மோனியம் வாசித்தவன். காலையில் மாதா கோவிலில் பூசைக்கு, பின்னேரம் கொட்டகையில் குத்துச் சண்டைக்கு. எங்கள் சுவாமியாருக்கு இது தெரியும். பாவம், தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

நானாவின் கிறுக்கு இதுதான்: படத்தில் யார் செத்தாலும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். மலையுச்சியிலிருந்து விழுந்தவனுக்குக் கீழே வைக்கோல் கிடக்கும். தூக்கில் தொங்குகிறவன் ஊஞ்சலாடுவான். நெஞ்சில் குத்துப்பட்டவனுக்கு வெறும் மயக்கம், இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தால் எழும்பிவிடுவான். ஒருமுறை கதாநாயகியைச் சவப்பெட்டியில் கிடத்தியிருக்க, பாதிரியார் ஜெபம் வாசிக்கிறார். நான் உருகிப்போய் அடக்கப் பாட்டைத் தொடங்கிவிட்டேன். மேலேயிருந்து நானா, பெண்ணுக்கு இன்று கலியாணம் என்று அறிவித்தார். நான் பாதியில் கலியாணப் பாட்டுக்குத் தாவினேன். பெட்டி எதற்கு என்று ஒரு விவரமானவர் கேட்டார். சீதனப் பெட்டி என்றார் நானா, கண் சிமிட்டாமல்.

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் சனம் அவருக்காகவே வந்தது. ஏன் நானா இப்படி என்று நான் ஒருநாள் கேட்டேன். "தேயிலத் தோட்டத்துல நாளாந்தம் சாவு பாத்துட்டு வாறாங்க தம்பி. இங்கயும் வந்து அதையா பாக்கணும்?" என்றார்.

அவர் பெரிய யுத்தத்துக்குக் கழுதை ஓட்டப் போய் எதிரியிடம் பிடிபட்டுச் சிறை கிடந்தவர் என்று சிலர் சொன்னார்கள். கடுகண்ணாவையைத் தாண்டியதில்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். அவரிடம் கேட்டால் பீடியைப் பற்றவைப்பார், அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த யுத்தப் படம் வந்தது. முள்ளுக்கம்பிக்குள் அடைபட்ட கைதிகள் பசியிலும் குளிரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற கதை. ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். இதை எப்படித்தான் சமாளிக்கப் போகிறார் பார்ப்போம் என்று நான் சாவுகளை எண்ண விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

முதல் காட்சியிலேயே நானா ஒரு தவறு செய்தார். "இதுதான் கேம்பு" என்றார்.

புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து வந்த சனத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு கேம்புதான். கூலி வேலைக்கு இங்கே வரக் கடல் தாண்டுவதற்கு முன்னால் காய்ச்சல் இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று பார்க்க அக்கரையில் அடைத்து வைக்கிற கேம்பு. திரையிலும் அதேதான் நடந்தது. துணிகளைக் கழற்றி ஆவியில் வைக்கிறார்கள், தகரத் தட்டோடு வரிசையில் நிறுத்துகிறார்கள், டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்து நாக்கை நீட்டச் சொல்கிறார். நீட்டுகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள்! "தொரைய நாக்க நீட்டச் சொல்றான்டி!" என்று ஒரு கிழவி கூவ, கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. நம்ம கேம்பைப் படம் பிடித்துவிட்டார்கள், அதில் துரைமாரைப் போட்டு வாட்டுகிறார்கள் என்று மலை முழுக்கச் செய்தி பரவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலும் நடையிலுமாக வந்து குவிந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் வந்தவள் மாரியாயி. அக்கரையில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரே மகன் வளர்ந்து, இப்போது அவளிடம் வரப் புறப்பட்டிருந்தான். காய்ச்சல் என்று கேம்பில் மறித்துவிட்டார்கள். கூட வந்தவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், அவனைப் பற்றி இரண்டு வாரமாகப் பேச்சுமூச்சில்லை. இதையெல்லாம் பக்கத்திலிருந்த பெண்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

திரையில் ஓர் இளம் கைதி காய்ச்சலில் கிடந்தான். கூட்டாளி அவன் தலையை மடியில் வைத்திருந்தான். தலை சாய்ந்தது. மாரியாயி எழுந்து நின்றாள்.

"நானா, அந்தப் புள்ள பொழைச்சிருச்சா?"

"பொழச்சிட்டான் தங்கச்சி. வேர்த்துக் காய்ச்சல் எறங்கிட்டு. போர்த்தித் தூங்க வைக்கிறாங்க."

"மொகத்தையும் மூடுறாங்களே?"

"நுளம்பு கடிக்கும்" என்றார் நானா.

அவள் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு! போகும்போது லயத்து வீடுகளில் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்குக்கூட நானாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

வியாழக்கிழமை தோட்டத்துக்குத் தந்தி வந்தது. மகன் கேம்பிலேயே போய்விட்டான். நானா படத்துப் பையனைப் பிழைக்க வைப்பதற்கு முன்பே இவனைப் புதைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வந்தாள், முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று முதலாளி வாசலிலேயே நின்றுகொண்டார். நானா அன்று சொன்ன கதையில் உப்புமில்லை, உறைப்புமில்லை. அந்தக் காட்சி வந்ததும் கதையை நடுவிலேயே விட்டார். நான் என்ன வாசிப்பதென்று தெரியாமல் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் திரையைப் பார்க்கவேயில்லை, அவரையே பார்த்தாள்.

"சொல்லுங்க நானா."

அவர் முக்காலியை விட்டு இறங்கி, அவள் முன்னால் குந்தினார்.

"மௌத்தாப் பெய்த்தான் தங்கச்சி" என்றார். சாவுக்கு அவர் வீட்டில் புழங்கும் சொல் அது. அத்தனை வருஷத்தில் அதை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

"தனியாவா?"

"இல்ல. நான் பக்கத்துல இருந்தன்."

"தண்ணி கேட்டானா?"

"கேட்டான். குடுத்தன். ரெண்டு மிடறு குடிச்சான்."

"என்னயத் தேடுனானா?"

"உம்மா எங்கண்டு கேட்டான். உம்மா வந்துகொண்டு ஈக்கிறா எண்டு சொன்னன். அதுக்குப் பொறகுதான் கண்ண மூடினான்."

அப்போதுதான் அவள் அழுதாள். தந்தி வந்த நாளிலிருந்து அழவேயில்லையாம். கொட்டகையே அழுதது, தங்கள் தங்கள் கேம்புக்காக அழுதார்கள். திரையில் கைதிகள் கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசிக்கவில்லை. 

பிறகு பேசும் படம் வந்தது. செத்தவர்கள் தாங்களே பாட்டுப் பாடிச் செத்தார்கள், நானாவுக்கு வேலையில்லாமல் போயிற்று. கம்பளைச் சந்தையில் கருவாடு விற்றார். பழுதான கருவாட்டையும் நல்லது என்று சாதித்ததாகக் கேள்வி.

அவர் உண்மையிலேயே அந்த யுத்தச் சிறையில் யாருக்காவது அப்படித் தண்ணீர் கொடுத்தாரா, அந்த நிமிஷத்தில் கட்டிச் சொன்னாரா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. எனக்கும் இப்போது அடிக்கடி காய்ச்சல் வருகிறது. கண்ணை மூடிக் கிடக்கும்போது, பக்கத்தில் அந்தப் பொய்க்கார மனிதர் குந்தியிருந்தால் எனக்குப் பயமிருக்காது என்று தோன்றுகிறது.