தமிழில் பேசிய வங்கி

பேராசைப்பட்டு ஏமாந்தவனைப் பார்த்துக்கூட யாராவது பரிதாபப்படுவார்கள். நான் ஏமாந்தது, ஒரு பெண் போனில் நல்ல தமிழ் பேசினாள் என்பதற்காக. இதை எழுதும்போதே மானம் போகிறது.

பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் எங்கள் பிரிவுத் தமிழர்கள் சேர்ந்து, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். அந்த வருட வசூல் நாலாயிரம் வெள்ளி என் கணக்கில் இருந்தது. தமிழ்ப்பற்று அதைவிட அதிகமாக இருந்தது. வங்கிக்குப் போனால், "ஒரு வார்த்தை தமிழ்ல பேச இங்க ஆள் இல்லையா?" என்று ஊருக்கே கேட்கும்படி புலம்புவேன். (என் மனைவி சாந்தி அப்போது என்னைத் தெரியாதவள் போல வேறு பக்கம் பார்ப்பாள்.)

ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது.

"வணக்கம் ஐயா. வங்கியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன். உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்க முயல்கிறார்கள்."

பணம் என்ற சொல் என் காதில் விழவே இல்லை. வங்கி தமிழில் பேசுகிறது!

"தங்கச்சி, எந்த ஊரும்மா நீங்க? எவ்வளவு அழகா பேசுறீங்க!"

"நன்றி ஐயா. அதைத் தடுக்க, இப்போது உங்களுக்கு வந்த ஆறு எண்களைச் சொல்லுங்கள்."

எண்கள் வந்த குறுஞ்செய்தியிலேயே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மலாயில் எழுதியிருந்தது. படித்தேன். யாரிடமும் என்றால் வெளியாட்களிடம், வங்கியிடம் இல்லை என்று நானே உரை எழுதிக்கொண்டேன். பிறகு ஏழு, மூன்று, ஒன்பது என்று பள்ளி மேடையில் செய்யுள் ஒப்பிக்கும் மாணவனாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

சமையலறையிலிருந்து சாந்தி கத்தினாள். "ஏங்க, யாருக்கு நம்பர் சொல்றீங்க? போனை வைங்க லா! கார்டு பின்னால இருக்கிற நம்பருக்கு நாமளே கூப்பிட்டுக் கேக்கலாம்!"

நான் கையை உயர்த்தி அவளை அடக்கினேன். அவள் சொன்ன எண்ணுக்கு நான் கூப்பிட்டபோது கணக்கு காலியாகியிருந்தது.

போலீஸ் நிலையத்தில், எதை வைத்து நம்பினீர்கள் என்று அதிகாரி மலாயில் கேட்டார். உண்மையைச் சொன்னேன். தட்டச்சு செய்வதை நிறுத்தி ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அதையும் புகாரில் சேர்த்துவிட்டார்.

திங்கட்கிழமை தொழிற்சாலைக் கேன்டீனில் நண்பர்கள் முன்னால் நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எல்லோருக்கும் மூத்தவரான முனியாண்டி அண்ணன், "விடு தம்பி, மறுபடி வசூல் பண்ணிக்கலாம்" என்று சொல்லி ஐம்பது வெள்ளியை எடுத்தார். அதை என்னிடம் நீட்டவில்லை. பக்கத்தில் இருந்த செல்வத்திடம் கொடுத்தார். பந்தல் நடந்தது. போன பணத்தையும் பிறகு நான் கட்டிவிட்டேன். ஆனால் அந்த ஐம்பது வெள்ளி கை மாறிய விதம் இன்னும் உறுத்துகிறது.

போன மாதம் சாந்தியோடு வங்கிக்குப் போனேன். முகப்பில் புதிதாக ஒரு தமிழ்ப் பெண். "வணக்கம் அண்ணே, என்ன உதவி வேணும்?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். இத்தனை வருடமாக நான் கேட்ட ஆள்! நான் அட்டையைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, "செலாமாட் பாகி" என்று மலாயில் காலை வணக்கம் சொன்னேன்.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், ராத்திரி விருந்தாக இருந்தாலும், சொந்தக்காரர்கள் கைகூப்பி எனக்கு "செலாமாட் பாகி" சொல்கிறார்கள். சாந்திதான் கதையை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனதை மட்டும் அவள் சொல்வதில்லை.